இஸ்திரி போட்ட மலை

அந்தப் பனிமலைக்கு அண்ணி எத்தனையோ தடவை இஸ்திரி போட்டிருக்கிறாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர்களுடைய இஸ்திரிக் கடைக்கு எதிரே இருந்த அடுக்குமாடியில் ஒரு வக்கீல் வீடு. அந்த வீட்டுத் திரைச்சீலையில் பெரிய பனிமலை ஒன்று அச்சாகியிருக்கும். திரைச்சீலை இரண்டு துண்டு. ஒன்றில் மலையின் இடது பாதி, இன்னொன்றில் வலது பாதி. கடை மேசையில் ஒரு நேரத்தில் ஒரு துண்டைத்தான் விரிக்க முடியும். இடது பாதியைத் தேய்த்து மடித்து வைத்துவிட்டுத்தான் வலது பாதியை எடுப்பாள். இரண்டும் சேர்ந்து தொங்கினால் மலை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. துணி கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். கூடத்துக்குள் வந்து பார் என்று யார் கூப்பிடப் போகிறார்கள்? ஆனாலும் அந்த மலையின் ஒவ்வொரு சரிவும் அவள் உள்ளங்கைக்குப் பழக்கம். சூடான பெட்டியை உச்சியிலிருந்து அடிவாரம் வரை இழுக்கும்போது, நிஜத்தில் இது எவ்வளவு ஜில்லென்று இருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். பெட்டி பதில் சொல்லாது. பக்கத்து மேசையில் நிற்கும் புருஷனும் சொல்ல மாட்டார்.

புருஷனுக்குத் தெருவில் 'மடிப்பு' என்று பெயர். அவர் தேய்த்த பேண்ட்டின் மடிப்பில் கை வைத்தால் கீறிவிடும் என்று கேலி பேசிப் பேசி அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அவர் மடிப்பு அண்ணன், ஆகவே அவள் அண்ணி. அவளைவிட மூத்தவர்கள்கூட அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

மடிப்பு அண்ணன் நல்ல மனிதர். அவரிடம் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. பை பார்க்காமல் எந்தத் துணியின் மேலும் பெட்டி வைக்க மாட்டார். மேல்பை, பக்கவாட்டுப் பை, உள்பை என்று எல்லாவற்றிலும் இரண்டு விரலை விட்டுத் துழாவி, அகப்பட்டதை ஜன்னலோரம் இருக்கும் எனாமல் கிண்ணத்தில் போடுவார். பேனா, சாவி, மாத்திரை, ஒரு தடவை யாரோ ஒருவருடைய பல்செட். துணி வாங்க வருகிறவர்கள் முதலில் கிண்ணத்தை எட்டிப் பார்ப்பார்கள், பிறகுதான் துணியை எண்ணுவார்கள். கடவுள் தன்னையும் ஒருநாள் இப்படித்தான் பை பார்த்து எடுத்துக்கொள்வார் என்பது அவருடைய நம்பிக்கை. அன்றைக்குத் தலைகுனியும்படி உள்ளே எதுவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த இருவரும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பியதற்குக் காரணம் கூரை. மழைக்காலம் முடிந்ததும் கட்டடத்துக்காரர் வந்து, கூரை தாங்காது, பிரித்துப் போட்டாக வேண்டும், ஒரு மாதம் கடையை மூடுங்கள் என்று சொல்லிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்தாற்போல் ஒரு வாரம்கூட மூடாத கடை. அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேறு எங்காவது ஒரு மேசை போட இடம் கிடைக்குமா என்று இரண்டு நாள் அலைந்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது அண்ணி மெதுவாக, "மலைக்குப் போலாமாங்க?" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்த மலைக்கு?"

"வக்கீல் வீட்டு மலைக்கு."

மருமகனுக்கு இதைக் கேட்டதும் வாயெல்லாம் பல். கல்யாணத்துக்கு முன்னால் அவர் நண்பர்களோடு ஊர் சுற்றிய காலத்து முதுகுப்பைகள் இரண்டைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டிக் கொடுத்தார். எந்த ரயில், எந்த விடுதி, எந்தப் பஸ் என்று எல்லாம் அவரே பார்த்து ஏற்பாடு செய்தார். மகள்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இந்த வயதில் பையை முதுகில் போட்டுக்கொண்டு திரிந்தால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டாள்.

"சிரிக்கட்டுமே. அழ வைக்கறதுக்கா போறோம்?" என்றாள் அண்ணி.

இப்படியாகக் கிளம்பினார்கள்.

முதல் நகரத்தில் இறங்கியபோது அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. விடுதியில் ஒரே அறைக்குள் அடுக்குக் கட்டில்கள். தனக்கு மேல்கட்டில்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, ஏணியில் ஏறி, மேலே உட்கார்ந்து காலை ஆட்டினாள். எதிர்க் கட்டிலில் இருந்த கல்லூரிப் பெண்கள், "ஆன்ட்டி, விழுந்துடாதீங்க" என்று பயந்தார்கள். கீழ்க்கட்டிலில் அண்ணன் எல்லோருடைய போர்வையும் கலைந்து கிடப்பதைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் வராமல் புரண்டார்.

கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிற கட்டடங்கள். ஒரே தெரு முழுக்கப் பித்தான்கள் மட்டும் விற்கிற கடைகள். ஆற்றைக் கடக்கிற படகில் சைக்கிள், ஆடு, கல்யாணப் பெண் எல்லாம் ஒன்றாக ஏறியது. எல்லாவற்றையும் அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். அவளுக்குக் கிட்டத்தில் இருப்பது பளிச்சென்று தெரியும். எட்ட இருப்பதெல்லாம் புகை. கடையில் எட்டப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்பதால், கண்ணாடி வருஷக்கணக்காக அலமாரியில் தூங்கியது. இந்தப் பயணத்துக்குத்தான் அதற்கு வேலை வந்தது.

இன்னொரு நகரத்தில் அண்ணனைக் காணோம். அண்ணி தேடிப் போனால், ஒரு பெரிய சலவைக் கடையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறார். உள்ளே சட்டையை ஒரு பொம்மைக்கு மாட்டினார்கள். பொம்மை உஸ்ஸென்று ஆவியால் உப்பியது. சட்டை இஸ்திரி ஆகி வெளியே வந்தது. அவர் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அங்கே வேலை செய்த பெண் பரிதாபப்பட்டு அவரை உள்ளே கூப்பிட்டு, ஒரு சட்டையை அவர் கையாலேயே மாட்ட விட்டாள். வெளியே வந்ததும் கடையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த பொம்மை பை பாக்கலியே" என்றார்.

சமவெளி முடிந்து பஸ் வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியது. பஸ்ஸின் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆகாயம். வளைவு திரும்பும்போதெல்லாம் அண்ணி, "இதோ வந்துடும், இதோ வந்துடும்" என்று அவர் தொடையைக் கிள்ளினாள். அவர் தொடை சிவந்ததுதான் மிச்சம், மலை வரவில்லை. மேகம் எல்லாவற்றையும் மூடியிருந்தது.

அடிவாரத்து விடுதியில் தங்கினார்கள். மலை தெரிகிற இடம் இன்னும் மேலே, ஒரு கணவாயில். விடிவதற்கு முன்பே வேன் கிளம்பும். வேன் டிரைவர் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து விவரம் சொல்லிவிட்டார்: சூரியன் வந்ததும் கொஞ்ச நேரம் சிகரம் திறக்கும், பிறகு மேகம் ஏறி மூடிவிடும், அப்புறம் அன்றைக்கு அவ்வளவுதான். நாளை மறுநாளிலிருந்து பனிக்காலத்துக்காகப் பாதையையே அடைக்கப் போகிறார்கள். ஆகவே மலையைப் பார்க்க நாளைக் காலை ஒன்றுதான். நாளை இரவு அண்ணிக்கும் அண்ணனுக்கும் ஊர் திரும்ப ரயில். கூரை தயாராகிவிட்டதாக மகள் சொல்லியிருந்தாள்.

அன்று மத்தியானம் தங்கியிருந்தவர்கள் எல்லோரும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். விடுதி மொட்டைமாடியில் கொடிகள் முழுக்க, துவைத்ததும் காற்றாடப் போட்டதுமாக அவர்களுடைய துணிகள். திடீரென்று வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. அண்ணனும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் படியேறி ஓடினார்கள். துணி நனைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவர்களுக்குத் தெரியாது.

அண்ணி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டுதான் ஓடினாள். கண்ணாடியில் மழைத்துளி விழுந்து எதுவும் தெரியாமல் போனதால் அதைக் கழற்றி மழைக்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். கை நிறைய, தோள் நிறையத் துணிகளை அள்ளிக்கொண்டு கீழே வந்து, பொது அறையின் பெரிய மேசையில் குவித்து, மழைக்கோட்டையும் கழற்றி அந்தக் குவியலின் மேலேயே போட்டுவிட்டு, தலை துவட்டப் போனாள்.

மடிப்பு அண்ணன் குவியலைப் பார்த்தார். பல நாளாகச் சும்மா கிடந்த கைகள். விடுதிக்காரரிடம் போய் இஸ்திரிப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டபோது அவர் குரலில் பசித்தவன் சோறு கேட்கிற தொனி இருந்ததாம். பெட்டி கிடைத்தது. ஜன்னலோரம் ஒரு கிண்ணமும் கிடைத்தது. பிறகு கேட்கவா வேண்டும்? விடுதிக்காரரோடு பேசிக்கொண்டே, பை பார்த்து, தேய்த்து, மடித்து அடுக்கினார். கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அவர் விரல்களுக்குத் தனி மூளை உண்டு. முதலாளியைக் கேட்காமலே அது வேலை செய்யும்.

சாயங்காலம் திரும்பி வந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். நனைந்து நாறியிருக்க வேண்டிய துணிகள் புதுச் சட்டைபோல அடுக்கியிருந்தன. ஆளாளுக்கு அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கிண்ணத்திலிருந்து அவரவர் பொருளை எடுத்துக்கொண்டார்கள்.

அங்கேதான் வந்தது வினை. கிண்ணத்தில் மினுமினுக்கும் காகிதம் சுற்றிய சாக்லேட்டுகள் குவிந்து கிடந்தன. அவற்றை எடுத்துப் பார்த்தவள் ஒரு நர்ஸ். தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மலை பார்க்க வந்திருந்தாள். இது யாருடையது என்று சும்மாதான் கேட்டாள். மடிப்பு அண்ணனுக்குப் பொய் வராது. "அந்த நீலக் கோட்டுல இருந்ததும்மா. ரெண்டு பையிலயும், உள்பையிலயும்" என்றார்.

நீலக் கோட்டு, நர்ஸின் அம்மாவுடையது. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி.

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததை விவரிக்க வேண்டாம். மகள் ஒரு சொற்பொழிவே ஆற்றினாள். அந்த அம்மா, தடித்த கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மடிப்பு அண்ணனைப் பார்த்த பார்வையில் இஸ்திரிப் பெட்டி தேவையில்லை, துணி தானே தேய்ந்துவிடும். "ஊர்ல இல்லாத அதிசயமா பை பாக்கறாரு. போலீஸ்ல சேர்ந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனவள், பிறகு இருவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அண்ணன் நொறுங்கிப்போனார். இனி யார் பொருளும் நாலு பேர் முன்னால் கிடக்கக் கூடாது என்று, கிண்ணத்தில் மிச்சம் இருந்தது என்னவென்றுகூடப் பார்க்காமல், ஒரு தட்டால் மூடி அலமாரியின் உச்சியில் தூக்கி வைத்துவிட்டார். மடித்து வைத்த மழைக்கோட்டை எடுத்துப் போய் அண்ணியின் முதுகுப்பையில் வைத்தார். கிட்டப் பார்க்க அவளுக்குக் கண்ணாடி தேவையில்லை. சாப்பிட்டாள், பை கட்டினாள், சீக்கிரம் படுத்தாள். கண்ணாடி ஞாபகமே வரவில்லை.

விடியாத இருட்டில் வேன் கிளம்பியது. அண்ணி மழைக்கோட்டை மாட்டி, கம்பளித் துண்டைக் காது மூக்கு எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தாள். இருட்டில் யாருக்குத்தான் என்ன தெரியும்? பள்ளிக்கூடம் போன முதல் நாள்கூட அவளுக்கு இவ்வளவு ஆவல் இருந்ததில்லை. அண்ணனின் விரல்களைத் தன் விரல்களோடு பின்னிக்கொண்டு, அவர் காதில், "இடது பாதியும் வலது பாதியும் சேர்ந்து தெரியப்போகுதுங்க" என்றாள்.

கணவாயில் இறங்கியபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. குளிர் சட்டைக்குள் கை விட்டது. எல்லோரும் ஒரு கல்மேடையில் வரிசையாக நின்றார்கள். எதிரே சாம்பல் நிறத்தில் மேகம். அது மெல்ல அசைந்தது. யாரோ, "திறக்குது, திறக்குது" என்றார்கள்.

அண்ணி மழைக்கோட்டுப் பையில் கை விட்டாள். இடது பை. வலது பை. உள்பை. மறுபடி இடது பை.

"ஏங்க, கண்ணாடி எங்கே?"

மடிப்பு அண்ணன் திரும்பினார். அவர் மூளைக்குத் தெரியுமுன் அவர் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாக ஒன்றையொன்று தொட்டன. ஈரமான மழைக்கோட்டு, வலது பை, மெல்லிய கம்பி, இரண்டு வட்டம்.

"பை பாத்துட்டேம்மா" என்றார்.

ஒரு கணம் அண்ணிக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவரை விட்டு முகத்தைத் திருப்பினாள். எதிரே பார்த்தாள். வெளிச்சம் வந்துவிட்டது. ஆனால் அவளுக்கு எதிரே இருந்தது கஞ்சி ஊற்றி வைத்த பாத்திரம் போல ஒரு வெள்ளை. மேகம் எது, மலை எது, வானம் எது, ஒன்றும் பிரிந்து தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக 'அப்பா' என்று மூச்சு விடுவது மட்டும் காதில் விழுந்தது.

"உங்க கை ஒரு நாள்கூட சும்மா இருக்காதா?" என்றாள். அதற்கு மேல் பேசினால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அண்ணன் டிரைவரிடம் ஓடினார். கீழே போய் வர முடியுமா? போய் வரலாம், ஆனால் வருவதற்குள் மேகம் மூடிவிடும் என்றார் டிரைவர். திரும்பி வந்த அண்ணன் சற்று நேரம் அவள் பக்கத்தில் நின்றார். பிறகு மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வேனைப் பார்த்து நின்றுகொண்டார்.

"என்ன பண்றீங்க?"

"நீ பாக்காத மலைய நான் மட்டும் எப்படிப் பாக்கறது?"

"பைத்தியமா உங்களுக்கு? இவ்வளவு தூரம் வந்து வேனையா பாப்பீங்க? திரும்புங்க."

"மாட்டேன்."

"நீங்க பாத்துச் சொன்னா எனக்கும் பாத்த மாதிரி இருக்கும்ல?"

"இருக்காது. எனக்குத் துணியைப் பத்திதான் சொல்லத் தெரியும்."

அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். அவர் அசையவில்லை. இத்தனை பேர் மலையைப் பார்த்து நிற்க, ஒரு மனிதர் மட்டும் வேனைப் பார்த்து, கைகட்டி, தண்டனை பெற்ற பள்ளிப் பிள்ளைபோல நிற்பது வேடிக்கையாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்றவர்களில் ஒருவர், "அண்ணே, மலை அந்தப் பக்கம்" என்றார். சிலர் சிரித்தார்கள். அண்ணி வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னாள்.

சிரிப்பு நின்றது. அடுத்து நடந்ததை அண்ணி இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறாள். முதலில் டிரைவர் தன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். அது பேப்பர் படிக்கிற கண்ணாடி. மாட்டியதும் வெள்ளை இன்னும் கெட்டியானது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த ஒருவர் அதைக் கழற்றி நீட்டினார். மாட்டியதும் விடிந்த பொழுது மறுபடி இருட்டியது. இன்னொருவருடைய கண்ணாடியில் வெள்ளைக்குள் ஏதோ ஒரு கோடு தெரிந்தது, ஆனால் அது மலையா கண்ணாடியின் கீறலா என்று சொல்ல முடியவில்லை. வரிசையிலிருந்து கைகள் நீண்டபடியே இருந்தன. மலையைப் பார்க்க வந்தவர்கள் மலையை விட்டுவிட்டு, இது சரியா அது சரியா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணிகளை மழையிலிருந்து காப்பாற்றித் தேய்த்துக் கொடுத்ததை ஞாபகம் வைத்துத்தான் அவர்கள் இப்படிச் செய்தார்களா, அல்லது மனிதர்கள் இயல்பாகவே அப்படித்தானா? நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன்.

ஒருத்தி மட்டும் வரிசையின் ஓரத்தில் தனியாக நின்றாள். நீலக் கோட்டு அம்மா. அவளுடைய கண்ணாடி சோடா பாட்டிலின் அடிபோலத் தடித்தது. அவளைக் கேட்க அண்ணிக்கு நா எழவில்லை. கேட்கவும் இல்லை.

அந்த அம்மா மலையைப் பார்த்தபடியே நின்றாள். மேகத்தில் ஒரு கிழிசல் அப்போதுதான் அகலத் தொடங்கியிருந்தது. அவள் இரண்டு காதிலிருந்தும் கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றியதும் கண் இடுங்கி, முகம் சின்னதாகி, கையைக் காற்றில் நீட்டித் துழாவிக்கொண்டு வந்தாள். மகள் பதறிப்போய்ப் பிடித்தாள்.

"அம்மா, இப்பத்தான் திறக்குது. நீ முதல்ல பாத்துட்டுக் குடு. இதுக்காகத்தானே வந்தோம்."

"நான் கொஞ்சம் பாத்துட்டேன். இந்தாம்மா, பிடி. சீக்கிரம்."

அண்ணி தயங்கினாள். "அக்கா, உங்களுக்கு..."

"பேசிட்டு நின்னா ரெண்டு பேருக்கும் இல்லாம போயிடும். மாட்டு."

அண்ணி மாட்டினாள்.

கடவுளே என்று மட்டும் சொன்னாள். வெள்ளை சட்டென்று உடைந்தது. ஒரு பக்கம் மேகம், ஒரு பக்கம் வானம், நடுவே மலை. அவ்வளவு உயரத்தில் ஒரு மலை இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கீழே தேடிக்கொண்டிருந்த கண்ணை மேலே, இன்னும் மேலே தூக்க வேண்டியிருந்தது. இடது பாதி முழுசாகத் திறந்திருந்தது. வலது பாதியை மேகம் இன்னும் மூடியிருந்தது. திரைச்சீலையில் வெளிர்நீலமாக இருக்கும் சரிவெல்லாம் இங்கே ரோஜா நிறத்தில் எரிந்தது. உச்சியிலிருந்து பனித்தூள் புகைபோலப் பறந்துகொண்டிருந்தது. அச்சில் அது இல்லவே இல்லை. அவளுடைய உள்ளங்கை தானாக உயர்ந்து, காற்றில், உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு ஒரு இழுப்பு இழுத்தது.

"திரும்புங்க!" என்று கத்தினாள். "ஏங்க, பாத்துட்டேன், திரும்புங்க!"

மடிப்பு அண்ணன் திரும்பினார்.

இன்னும் ஒரு நிமிஷம் பார்க்கலாம் என்று ஆசை பிடித்து இழுத்தது. வலது பக்கத்து மேகம் விலகத் தொடங்கியிருந்தது. இதோ, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இரண்டு பாதியும் சேர்ந்துவிடும். வாழ்நாளில் ஒரு தடவை. பக்கத்தில் அந்த அம்மா, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இடுங்கிய கண்ணோடு எதிரே இருந்த வெள்ளையை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை.

அண்ணி கண்ணாடியைக் கழற்றி அந்த அம்மாவின் மூக்கில் தன் கையாலேயே மாட்டிவிட்டாள்.

அந்த அம்மா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கீழிருந்து மேகம் புரண்டு ஏறி வந்தது. முதலில் இடது பாதி போனது, கொஞ்ச நேரத்தில் எல்லாம் போனது. இருந்த இடம் தெரியவில்லை.

அந்த அம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "நீ என்ன பாத்தே, சொல்லு. நான் மாட்டினப்ப இடது பக்கம் மூட ஆரம்பிச்சிடுச்சு."

அண்ணி சொன்னாள். ரோஜா நிறத்தைச் சொன்னாள், பறந்த பனித்தூளைச் சொன்னாள், சரிவு எங்கே வளைந்து எங்கே இறங்கியது என்று கையால் வரைந்து காட்டினாள். அந்த அம்மா வலது பாதியைச் சொன்னாள். அங்கே ஒரு தோள் மாதிரி இருந்ததாம், அதன் கீழே ஆழமான நீல நிழல், அந்த நிழலுக்குள் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வெயில். அண்ணிக்கு மெய் சிலிர்த்தது. அந்தத் தோள் அவளுக்குத் தெரியும். பெட்டியைக் கொஞ்சம் சாய்த்து ஓட்ட வேண்டிய இடம் அது.

"அப்ப ரெண்டு பேருமா சேர்ந்து ஒரு மலைய முழுசா பாத்துட்டோம்" என்றாள் அந்த அம்மா. பிறகு மடிப்பு அண்ணன் பக்கம் திரும்பாமலே, "உன் புருஷன் மேல எனக்கு இன்னும் கோபம்தான்" என்றாள். ஆனால் வேன் கிளம்பியதும், தன் பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அண்ணியை அங்கே உட்காரச் சொன்னாள். வழியெல்லாம் இருவரும் கண்ணாடியின் பவர், மகள்களின் அதிகாரம், சர்க்கரை போடாத டீயின் கொடுமை என்று பேசித் தீர்த்தார்கள். பின் இருக்கையிலிருந்த அண்ணன் முன்னால் குனிந்து, "அம்மா, நேத்து நான் சொல்லியிருக்கக் கூடாது. எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். அந்த அம்மா, "பை பாக்கறது தப்பில்லப்பா. பாத்ததை ஊருக்கு வாசிக்கறதுதான் தப்பு" என்றாள். நர்ஸ் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

விடுதியில் இறங்கியதும் அண்ணன் நேராக அலமாரிக்குப் போய், நாற்காலி போட்டு ஏறி, கிண்ணத்தை இறக்கினார். தட்டை எடுத்தார். உள்ளே கண்ணாடி, சமர்த்தாக, காலை மடக்கிக்கொண்டு கிடந்தது. தன் சட்டை நுனியால் அதைத் துடைத்துத் துடைத்து, ஊதி, மறுபடி துடைத்து அண்ணியிடம் நீட்டினார்.

அண்ணி மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மேகம்தான். பிறகு திரும்பி அவரைப் பார்த்தாள். இரண்டு நாள் சட்டை. வேனில் நெருக்கிப் பிடித்து உட்கார்ந்து வந்தது. கண்ணாடி துடைத்த நுனி சுருண்டு, காலர் ஒரு பக்கம் மடங்கி, முதுகுப்பைப் பட்டை அழுத்திய தடம் தோளில் இரண்டு கோடாக. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதரை அவள் இப்படிப் பார்த்ததில்லை.

"ஏங்க, உங்க சட்டை கசங்கியிருக்கு."

அவர் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். மேசை மேல் இஸ்திரிப் பெட்டி இருந்தது. அவர் அதன் பக்கம் போகவில்லை.

"மலையே கசங்கித்தானே இருக்கு, விடு" என்றார். முதுகுப்பையை எடுத்து அவள் தோளில் மாட்டிவிட்டு, தன்னுடையதையும் மாட்டிக்கொண்டார். "வா. ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு. அந்தப் பக்கம் ஒரு ஏரி இருக்காம்."